ஃபிரிட்ஜில் இருந்த ஆறு குச்சிகள்

கனடாவின் தலைநகரம் எது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் 'டொரான்டோ' என்பார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், 2023 பிப்ரவரியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு "ஆறு மாசம் ஒட்டாவா போய்ட்டு வர்றியா?" என்று கேட்கும் வரைக்கும். 'ஒட்டவா?' என்று போஸ்டர் ஒட்டுகிற பையன் கேட்பது மாதிரி ஒரு பெயரா ஒரு தலைநகருக்கு என்று நினைத்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். மார்ச் முதல் வாரம், மைனஸ் பதினைந்து டிகிரியில், தி.நகரில் வாங்கிய ஸ்வெட்டரோடு போய் இறங்கினேன். அந்த ஸ்வெட்டரைப் பற்றி அப்புறம் நான் யாரிடமும் பேசவில்லை.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தங்குவதற்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துத் தம்பதி. ஐயாவுக்கு எழுபது வயது. அம்மாவுக்கு இரண்டு மூன்று குறைச்சல். 1987-ல் கனடாவுக்கு வந்தவர்கள். பிள்ளைகள் கல்யாணமாகி டொரான்டோ பக்கம் போய்விட்டதால் கீழே பேஸ்மென்ட் காலி. ஒரு ரூம், ஒரு பாத்ரூம், சமையலுக்கு மேலே வந்து போகலாம்.

முதல் நாள் ராத்திரியே ஐயா சொன்னார்: "தம்பி, வெக்கப்படாம ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளதை எடுத்துச் சாப்பிடுங்கோ. ஆனா ஒண்டு. பழம் மட்டும் அதுக்குள்ள வைக்கக்கூடாது."

"ஏன் ஐயா?"

"வைக்கக்கூடாது."

ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் பின்வாசல் பக்கம் ஒரு கூடையில் குளிரில் விறைத்துக்கொண்டு கிடந்தன. நம் ஊரில் செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது என்பது மாதிரி இது ஏதோ யாழ்ப்பாணத்து சாஸ்திரம் என்று விட்டுவிட்டேன். அப்போதே இன்னொரு தடவை 'ஏன்?' என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மறுநாள் காலையில்தான் வாசலில் நின்ற மரத்தைப் பார்த்தேன். கறுப்பாக, இலை ஒன்றுகூட இல்லாமல், நடுவில் பிளந்து, ஒரு பாதி காணாமல் போய், பேய்ப் படத்தில் முதல் சீனில் காட்டுவார்களே அப்படி ஒரு மரம். பனியில் சுருங்கிய சுண்டைக்காய் மாதிரி ஏதோ காய்கள் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன மரம் ஐயா?"

"க்ராப் அப்பிள்."

'க்ராப்' என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று நண்டு, இன்னொன்று சலூனில் வெட்டிக்கொள்வது. இரண்டுக்கும் ஆப்பிளுக்கும் என்ன சம்பந்தம்?

"காய் சாப்பிடலாமா?"

"வாயில வைக்கேலாது. அவ்வளவு புளிப்பு."

"அப்போ எதுக்கு?"

"பூவுக்கு."

"எத்தனை நாள் பூக்கும்?"

"எட்டு நாள். காத்து மழை இல்லாட்டில் பத்து."

"மீதி நாளெல்லாம்?"

"மிச்சம் முந்நூற்று ஐம்பத்தைஞ்சு நாளும் நாங்கள் அதைக் கவனிக்க வேணும்" என்றார், பனியை வாரிக்கொண்டே.

எங்கள் அப்பா கும்பகோணத்துக்காரர். 'வீட்டில் நிற்கிற மரம் வாடகை கொடுக்கணும்டா' என்பது அவருடைய கொள்கை. கொல்லையில் தென்னை, வாழை, முருங்கை, ஒரு எலுமிச்சை. நந்தியாவட்டைகூடப் பூஜைக்குப் பூ கொடுப்பதால் பிழைத்தது. வருஷத்தில் எட்டு நாள் பூத்துவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா நிற்கிற மரத்தை அவர் பார்த்திருந்தால் அன்று சாயங்காலமே விறகு. எனக்கும் அதே ரத்தம்தான்.

கொஞ்ச நாளில் விவரம் தெரிந்துகொண்டேன். நாம் கடையில் வாங்குகிற ஆப்பிளும் இதுவும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். பழத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆப்பிள்; அதற்குள் அடங்கினால் க்ராப் ஆப்பிள். அவ்வளவுதான் வித்தியாசம். குளிர்நாடுகளில் வீட்டு வாசலுக்கு இதைப் பூவுக்காகவே வளர்க்கிறார்கள். நம் சென்னையில் வளருமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வளராது. மொட்டு கண் திறக்க வேண்டுமானால் அதற்கு முன் பல வாரம் அந்த மரம் குளிரில் கிடந்தாக வேண்டும்.

மரம் பிளந்த கதையை அம்மா சொன்னார். 2022 மே 21, சனிக்கிழமை. மத்தியானம்வரை நல்ல வெயில். திடீரென்று மேற்கே வானம் கறுத்து 'டெரேச்சோ' என்கிற புயல் வந்தது. நம் புயல் மாதிரி நாலு நாள் முன்னாலேயே பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, ரேடியோவில் சொல்லிவிட்டு வருகிற புயல் இல்லை. நேர்கோட்டில் சுவர் மாதிரி காற்று. சில நிமிஷத்தில் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. பல ஆயிரம் வீடுகளுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் இந்த மரம் முழுப் பூவில் நின்றதாம்.

"பூவோட விழுந்தது தம்பி" என்றார் அம்மா. அதற்குமேல் சொல்லவில்லை.

மீதிப் பாதியிலும் பிளவின் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துவிட்டது. ஒரு கிளை பக்கத்து வீட்டுக் கார் நிற்கிற இடத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து பார்த்து, 'இனிமேல் வைத்திருப்பது ஆபத்து' என்று சொல்லி, ஏப்ரல் 24-ம் தேதி குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். பாதிப் பணம் அட்வான்ஸ்.

ஏப்ரல் 4-ம் தேதி ஐயாவும் அம்மாவும் ஈஸ்டர் லீவுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க டொரான்டோ போனார்கள். அடுத்த நாளே ஒட்டாவாவில் உறைமழை. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறைந்துவிடுகிற மழை! கம்பி, கிளை, கார் கதவு எல்லாவற்றுக்கும் விரல் தடிமனுக்குக் கண்ணாடி உறை. பார்க்க இந்திரலோகம். ராத்திரி முழுக்கக் கிளைகள் துப்பாக்கி சுடுகிற மாதிரி படார் படார் என்று முறிந்தன. புதன் மாலை போன கரண்ட் வெள்ளி ராத்திரிதான் வந்தது.

இரண்டு நாள் இருட்டில் போர்வைக்குள் இருந்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் மீன் குழம்பு தன் இருப்பைச் சொல்லியது. பெரியவர்கள் இல்லாத நேரத்தில் நாம் ஒரு நல்ல காரியம் செய்வோமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியிருக்கக்கூடாது. கெட்டுப்போன எல்லாவற்றையும் எடுத்து, ஃபிரிட்ஜை வெந்நீர் போட்டுத் துடைத்து, சோடா உப்பு வைத்து... அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஈர நியூஸ்பேப்பர். பேப்பருக்குள் பென்சில் கனத்தில் ஆறு குச்சிகள். கறிவேப்பிலையை வாங்கி வைத்து, இலையெல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது போலிருக்கிறது, பாவம் வயசானவர்கள், மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆறையும் பச்சைத் தொட்டியில் போட்டேன். அங்கே சமையல் கழிவுக்கு என்று தனியாகப் பச்சைத் தொட்டி உண்டு. செவ்வாய் காலை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. செவ்வாய் மாலை அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, "அட, என்ன பளபளப்பு!" என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

ஐயா குனிந்து அடித்தட்டைப் பார்த்தார். இன்னும் குனிந்தார். "தம்பி, இதுக்குள்ள ஒரு பை இருந்ததே?"

"காய்ஞ்ச குச்சிங்க ஐயா... தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா ஃபிரிட்ஜை மூடிவிட்டு ரூமுக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேசாமல் இருந்தால் அது திட்டுவதைவிட மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி பேஸ்மென்டுக்கு ஐயாவே இறங்கி வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து விளக்கினார். இந்த மரம் விதை போட்டால் அதே மாதிரி வராது. அப்பா ஒரு ஜாதி, அம்மா ஒரு ஜாதி, பிள்ளை எதைக் கொண்டு வருமோ யாருக்குத் தெரியும்? அதே பூ வேண்டுமானால் ஒரே வழி ஒட்டுத்தான். குளிர்காலம் முடிவதற்குள், மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும்போதே, போன வருஷம் வளர்ந்த இளங்கொம்பை வெட்டி ஈரத்தோடு குளிரில் வைத்திருந்து, ஏப்ரல் கடைசியில் வேறு கன்றின் மேல் ஒட்ட வேண்டும். பழம் இருக்கிற ஃபிரிட்ஜில் வைத்தால் பழம் விடுகிற வாயு மொட்டைக் கொன்றுவிடும். அதனால்தான் வாழைப்பழம் குளிரில் கிடந்தது!

"இன்னும் ஆறு வெட்டிக்கலாமே ஐயா?" என்றேன், நப்பாசையில்.

"எங்க வெட்டுறது? கிழட்டு மரம் தம்பி. போன வருசம் முழுக்க விட்ட நல்ல கொம்பே ஆறுதான். மிச்சமெல்லாம் விரல் நீளக் கட்டைக் கொம்பு. உதுகள் ஒட்டுக்கு உதவாது."

"கடையில் இதே மரம் கிடைக்காதா?"

"புதுசு புதுசா இருவது வகை கிடக்கு. இது இல்லை. நானும் மூண்டு நேர்சரியில கேட்டுப் பாத்திட்டன்."

ஐயாவுக்கு ஒட்டுக் கட்டும் வித்தை அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஊரில் கறுத்தக் கொழும்பான் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவாராம். பன்னிரண்டு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நார் பிடித்துக் கொடுத்த பையன், அறுபது வயதுக்குமேல் ஒட்டாவாவில் கத்தி எடுத்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். இன்னொரு முறை இருக்கிறது. கொம்பு வேண்டாம், ஒரே ஒரு மொட்டு போதும். ஆனால் அது இந்த வருஷம் புதிதாக வளர்கிற கொம்பின் மொட்டாக இருக்க வேண்டும். ஆகஸ்டில்தான் எடுக்க முடியும். அதுவரை மரம் உயிரோடு நிற்க வேண்டும்.

மறுநாள் மரம் வெட்டுகிறவர்களுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையை மட்டும் எடுக்கச் சொன்னார். பாக்கியைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார். இரண்டாவது தடவை வருவதற்குத் தனிக் கூலி என்றார்கள். அதை நான்தான் கொடுப்பேன் என்று அடம் பிடித்துக் கொடுத்தேன். டாலரை எண்பத்திரண்டு சொச்சம்... இல்லை, பெருக்கிப் பார்க்கவே கூடாது என்று நானே ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டேன். (அது அமெரிக்கா, கனடாவில் அறுபதுதான் என்று பிறகு கேஷியர் நண்பன் ஆறுதல் சொன்னான்.)

அம்மா மட்டும் என்னோடு அளவாகவே பேசினார். சாப்பாடு வந்தது, கதை வரவில்லை.

பரிகாரமாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அந்த மரத்தின் ஜாதகத்தைத் தேட ஆரம்பித்தேன். முன்பு அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் அதை 'ரோசிபுளூம்' என்று சொன்னாராம். அந்த ஒற்றை வார்த்தை என்னை ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய் விட்டது.

ஒட்டாவாவின் நட்டநடுவில் சுமார் ஆயிரம் ஏக்கரில் ஒரு விவசாயப் பண்ணை இருக்கிறது. சென்ட்ரல் எக்ஸ்பெரிமென்டல் ஃபார்ம். 1886-ல் ஆரம்பித்தது. சுற்றிலும் ஊர், நடுவில் வயல். மவுன்ட் ரோடுக்கும் கிண்டிக்கும் நடுவே ஆயிரம் ஏக்கரை இன்னும் உழுதுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? நம் ஆட்கள் விட்டிருப்பார்களா, ப்ளாட் போட்டு நாலாவது தலைமுறை நடந்துகொண்டிருக்கும்! இந்தப் பண்ணையில் உருவானதுதான் கனடாவைக் கோதுமை நாடாக்கிய 'மார்க்விஸ்' கோதுமை. அதன் தாய் தந்தையரில் ஒன்றுக்குப் பெயர் 'ஹார்ட் ரெட் கல்கத்தா'. ஆமாம், நம் கல்கத்தாதான். இந்தியக் கோதுமை.

பண்ணையின் முதல் டைரக்டர் வில்லியம் சாண்டர்ஸ். மேற்கே புல்வெளிப் பிரதேசத்தில் குடியேறியவர்கள் ஆப்பிள் வைத்தால் மைனஸ் நாற்பதில் செத்துப்போகிறது என்று அழுதார்கள். சாண்டர்ஸ் 1887-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரத் தோட்டத்திலிருந்து சைபீரியக் க்ராப் ஆப்பிள் விதை வரவழைத்தார். பழம் பட்டாணி சைஸ்; ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாத மரம். அதையும் நல்ல ஆப்பிளையும் கலந்து, குளிர் தாங்குகிற பழ மரம் செய்வது அவர் திட்டம். அதாவது அவரும் எங்கள் அப்பா கட்சி. பலன் வேண்டும்.

பூவுக்காகவே அதைக் கையில் எடுத்தவர் ஒரு பெண்மணி. இசபெல்லா பிரெஸ்டன். 1881-ல் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் பிறந்து, 1912-ல் கனடாவுக்கு வந்து, 1920-ல் இந்தப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்தது தினக்கூலியாக! 1946-ல் ஓய்வு பெறுவதற்குள் ஏறத்தாழ இருநூறு புதுச் செடி வகைகளை உருவாக்கிவிட்டார். மத்திய ஆசியாவில் ஒரு விசித்திரமான காட்டு ஆப்பிள் உண்டு. இலையில் சிவப்பு, பூ சிவப்பு, கட்டை சிவப்பு, பழத்தை வெட்டினால் சதையும் சிவப்பு. அந்தச் சிவப்பையும் சைபீரியாக்காரனின் குளிர் தாங்கும் உடம்பையும் சேர்த்து வந்த பிள்ளைகள்தான் ரோசிபுளூம்கள்.

பெயர் வைப்பதில் அந்த அம்மாள் கில்லாடி. ரோசிபுளூம்களுக்குக் கனடா ஏரிகளின் பெயர்: மக்காமிக், சிம்கோ, அதபாஸ்கா, நிப்பிசிங். ஐரிஸ் செடிகளுக்கு ஆறுகளின் பெயர். லைலாக் செடிகளுக்கு ஷேக்ஸ்பியரின் கதாநாயகிகள். ஆபீஸ் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு லில்லி வரிசைக்கு, பண்ணை ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஸ்டெனோகிராஃபர்களின் பெயரையே வைத்துவிட்டார்! சம்பள உயர்வு, புரமோஷன் எல்லாம் கிடக்கட்டும். நம் பெயரில் ஒரு பூ இருக்கிறது என்றால் எந்த டைரக்டர் வந்தால் என்ன? எனக்கு இதுவரை ஆபீஸில் வைத்த பெயர்களில் ஒன்றையும் இங்கே அச்சிட முடியாது.

மே மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையின் மரத்தோட்டத்துக்குப் போனேன். ரிடோ கால்வாயை ஒட்டி, டௌஸ் லேக் பக்கம். அக்கரையில் ட்யூலிப் திருவிழா. 1945-ல் நெதர்லாந்து நன்றிக்கடனாக அனுப்பிய கிழங்குகளில் ஆரம்பித்த கதை. கூட்டமெல்லாம் அங்கேதான். இந்தப் பக்கம் மேடேறினால்...

எப்படிச் சொல்வது? பதினைந்து நாள் முன்பு விறகாக நின்ற மரங்கள். இப்போது கிளை தெரியவில்லை, பட்டை தெரியவில்லை. கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பூ. ஒரு மரம் வெள்ளை, அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது ரோஜாப்பூ மாலையை உதிர்த்துக் கொட்டின மாதிரி அடர்சிவப்பு. மொட்டுக்கு ஒரு நிறம், மலர்ந்தால் ஒரு நிறம். அதனால் ஒரே கொத்தில் மூன்று சாயம். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் தலையோடு மெல்லிய நரம்புகள். மல்லிகை மாதிரி மூக்கைத் துளைக்கிற வாசனை இல்லை. காற்று திரும்பும்போது மட்டும் தேனில் லேசாகக் கிராம்பு தட்டிப் போட்ட மாதிரி ஏதோ வந்து போகும். மரத்துக்குள் தலையை விட்டால் ஒரே ரீங்காரம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. அத்தனை வண்டு, தேனீ. ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் புல்லில் மல்லாக்கப் படுத்து, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. முகத்தில் நாலைந்து இதழ் விழுந்தது. துடைக்கவில்லை.

அங்கங்கே புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளும் இருந்தன.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் மொட்டாக விட்டுப்போன எங்கள் அரை மரம், நான் போய் வருவதற்குள் திறந்துவிட்டது. அரை மரம்தான். ஒரு பக்கம் வெறும் ஆகாயம். ஆனால் இருக்கிற பாதியில் ஒரு இடுக்கு பாக்கி இல்லை. பண்ணையில் பார்த்த மக்காமிக் மாதிரியே ஆழமான ரோஸ் கலந்த சிவப்பு. அதுதானா என்று சத்தியம் பண்ண மாட்டேன். ரோசிபுளூம்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி.

"இருங்கோ தம்பி" என்று படியைக் காட்டினார். ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் கதை வந்தது.

1991 மே மாதம். நாலு வருஷமாக அடுக்குமாடியில் ஒற்றை ரூம். ஐயா ராத்திரி ஷிஃப்ட், அம்மா பகல் ஷிஃப்ட். வீடு வாங்கலாம் என்று ஏஜென்ட் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருகிறார். அந்த வாரம்தான் ஊரிலிருந்து ஒரு சாவுச் செய்தி, அம்மாவின் தம்பி. போக முடியாத காலம். காரில் இருந்து இறங்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தவர் இந்த மரத்தைப் பார்த்தாராம்.

"உள்ளுக்க போய்ப் பாக்கவே இல்லை. இஞ்சேருங்கோ, இந்த வீட்டை எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். இவர் என்ன ஏது எண்டு கேட்கேல்லை. பிறகு பாத்தா குசினி தீப்பெட்டி அளவு! முப்பத்திரண்டு வருசமா அதுக்குள்ளதான் முட்டுப்பட்டுக் கொண்டு சமைக்கிறன்."

உள்ளேயிருந்து ஐயா, "கூரையும் ஒழுகினது, அதையும் சொல்லும்" என்றார்.

"நீங்கள் அந்தக் குச்சியை எறியாட்டில், போன மாசமே மரம் போயிருக்கும். இந்தப் பூவை நான் கண்டிருக்க மாட்டன்" என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமல். பிறகு, "அதுக்காக இனி என்ர ஃபிரிட்ஜில கை வைக்காதேங்கோ" என்றார்.

எட்டாவது நாள் மழை வந்தது. ஒன்பதாவது நாள் புல்தரை முழுக்க ரோஸ் பாய். பத்தாவது நாள் அதுவும் இல்லை.

இந்த மரத்தைக் கல்யாணப் பெண் மாதிரி வர்ணித்துவிட்டு அதன் மற்ற குணத்தை மறைத்தால் பாவம். ஜூன் மழைக்கு இலையில் எண்ணெய்க் கறை மாதிரி கரும்பச்சைப் புள்ளிகள். ஸ்காப் என்கிற பூஞ்சை நோய். ரோசிபுளூம்களுக்கு அது பரம்பரை வியாதி. ஜூலை முடிவதற்குள் பாதி இலை மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. கீழே விழுந்த இலையில்தான் அந்தப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால், இலையுதிர் காலத்தில் ஒன்று விடாமல் வாரிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக ஐயா வாருகிறார். அது போதாது என்று வேரடியிலிருந்து முளைக்கிற தூர்களை நறுக்க வேண்டும். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் எலியும் முயலும் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். இளங்கன்றாக இருந்தால் அத்தோடு காலி. அதற்குப் பிளாஸ்டிக் சுருள் கட்ட வேண்டும். புதுக் கன்றை ஆழமாக நட்டுவிட்டால் கழுத்து அழுகும். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். ஐயா சொல்லச் சொல்ல, எங்கள் ஆபீஸ் ஆடிட்டே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

இதில் வீட்டுக்குள் ஒரு கட்சி பேதமும் உண்டு. ஐயா நியாயஸ்தர். நோய் தாங்குகிற புது வகைகள் எத்தனையோ வந்துவிட்டன. 1982-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வந்த 'ப்ரெய்ரிஃபயர்' இதே சிவப்பு, ஸ்காப் கிட்டே வராது, அதை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால் அதுதான் சரி. புதிதாக வைக்கிறவர்கள் அதைத்தான் வைக்க வேண்டும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

"வையுங்கோ. வேண்டாமெண்டு ஆர் சொன்னது? ஆனா இதுவும் வேணும்" என்றார் அம்மா. முடிந்தது விவாதம்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், சனிக்கிழமை. ஏப்ரலில் கிளையை எடுத்த இடத்துக்குக் கீழே புதுக் கொம்புகள் ஒரு முழம் வளர்ந்திருந்தன. ஐயா தொட்டிகளில் விதை போட்டு வளர்த்து வைத்திருந்த கன்றுகள் வரிசையாகக் காத்திருந்தன. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, முன்கை மயிரில் வைத்துக் கூர் பார்த்தார்.

கொம்பிலிருந்து இலையை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவைத்தார், அது கைப்பிடி. காம்பின் இடுக்கில் அரிசி அளவு மொட்டு. அதைச் சுற்றிக் கேடயம் மாதிரி ஒரு அங்குலப் பட்டையைச் சீவி எடுத்தார். கன்றின் பட்டையில் ஆங்கில 'டி' மாதிரி ஒரு கீறல். கத்தி முனையால் இரண்டு பக்கமும் நெம்பினால் சட்டைக் காலர் மாதிரி விரிந்தது. அதற்குள் மொட்டைச் சொருகினார். முழுசும் அரை நிமிஷம் இருக்காது. வெட்டுவாய் காயக்கூடாது என்பதால் அவ்வளவு வேகம்.

"பிடியுங்கோ."

நான் ரப்பர் நாடாவின் முனையைப் பிடித்தேன். மொட்டை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் சுற்றினார். பன்னிரண்டு வயதில் அவர் நார் பிடித்த மாதிரிதான் நான் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன் போலிருக்கிறது, ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்து, "கை நடுங்காமல் பிடிக்கிறீர்" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே சர்டிஃபிகேட்.

எட்டுக் கன்று, எட்டு மொட்டு. மூன்று வாரத்தில் காம்பைத் தொட்டதும் தானாக விழுந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. வாடி ஒட்டிக்கொண்டிருந்தால் போச்சு. செப்டம்பர் முதல் வாரம் நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க, அம்மா ஜன்னலில் நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து விழுந்தது. மூன்று விழவில்லை.

நான் கிளம்புகிற அன்று அம்மா ஒரு பாட்டில் கொடுத்தார். அந்த வாயில் வைக்க முடியாத பழத்தில் போட்ட அச்சாறு. மிளகாய்த்தூள், வினிகர், கடுகு. அதைச் சாதத்தில் பிசைந்து எங்கள் அப்பா இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். மரம் வாடகை கொடுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

நான் வந்த மறுவாரம் பழைய மரத்தை வெட்டினார்கள். அந்த இடத்தில் ஐயா ப்ரெய்ரிஃபயர் வைத்திருக்கிறார். 2024 வசந்தத்தில் ஐந்து மொட்டில் நாலு துளிர்த்தது. ஒன்றை அந்தக் குளிர்காலத்தில் முயல் தின்றுவிட்டது. மீதி மூன்றில் ஒன்று மகள் வீட்டுக்கு, ஒன்று பின்பக்கம் குசினி ஜன்னலுக்கு நேராக. மூன்றாவதை யார் கேட்டு வாங்கினார்கள் தெரியுமா? கார் மேல் கிளை விழும் என்று புகார் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்!

போதாக்குறைக்கு அவருடைய அக்காவுக்கும் ஒன்று வேண்டுமாம். 2025 மார்ச்சில் அம்மா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஃபிரிட்ஜின் அடித்தட்டு. பிளாஸ்டிக் பை, ஈர நியூஸ்பேப்பர், இரண்டே இரண்டு குச்சி. பையின் மேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது: 'இது குப்பை இல்லை.'

பேஸ்மென்டில் இப்போது குடியிருக்கிற பையன் பஞ்சாபியாம். அவனுக்காகக் கீழே இங்கிலீஷிலும் எழுதி, பக்கத்தில் ஒரு மண்டை ஓடு வரைந்திருந்தார் ஐயா.